புதுப்பிப்பு: படிப்பு, ஓட்டம், வாட்டர்கலர் – அட்டவணையில் திருத்தம்

வேலையோடு மறுபடியும் படிக்கத் தொடங்குறவர்களுக்காக முன்பு எழுதின இழையில், விடிய 4.30க்கு எழும்பி தினமும் ஓட்டம், இரவு ஓவியம், அதுக்குப் பிறகு படிப்பு என்று போட்டிருந்தேன். அந்த ஒழுங்கு பிழை.

தினமும் ஓடினால் சில கிழமைக்குள்ளேயே கால் முன்னெலும்பு ஓரமாக நோ தொடங்கலாம். மூச்சு பழகுற வேகத்தில் எலும்பு பழகாது. கிழமைக்கு மூன்று நாள் போதும், இடையில் ஒரு நாள் ஓய்வு. 5 நிமிட நடை, பிறகு 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை என்று 8 தரம். மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் என்றால் அலை நனைத்து இறுகின மணலில் ஓடுங்கோ. கரை சரிவானது; ஒரு கால் மட்டும் பாரம் தாங்காமல் இருக்க, பாதித் தூரத்தில் திரும்பி வாங்கோ.

படிப்பைக் கடைசியில் வைத்தால் அது தூக்கத்தைத் தின்னும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னே 25 நிமிடமாக இரண்டு தரம் படியுங்கோ. கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலைக்கு பஸ்ஸில் போகும்போது புதுப் பாடம் வேண்டாம். முந்தின நாள் பாடத்தைக் கேள்விகளாகச் சின்னக் கொப்பியில் எழுதி, விடையை மூடிவைத்து ஞாபகப்படுத்துங்கோ. திரும்ப வாசிப்பதை விட இது நிற்கும்.

ஓவியம் சனி, ஞாயிறுக்கு. மாரியில் ஈரக்காற்றால் முதல் பூச்சு காயச் சுணங்கும். அவசரப்பட்டு மேலே பூசினால் நிறம் சேறாகும். சதுர மீட்டருக்கு 300 கிராம் நிறையுள்ள தடித்த தாள் இரண்டை எடுத்து மாறி மாறி வேலை செய்யுங்கோ. நிறப்பெட்டியை உலரவிட்டே மூடுங்கோ, இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பரீட்சை மாதத்தில் பென்சிலும் ஏ5 கொப்பியும், 15 நிமிடமும் போதும்.