ஏரியில் படகுப் போலீஸ் அபராதச் சீட்டு எழுதிவிட்டார்கள், பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) போய்விடுமா?

சிம்மக்கல் பையன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரம். சனிக்கிழமை குடும்பத்தோடு ஏரியில் படகில் போனோம். நடு ஏரியில் போலீஸ் படகு வந்து நிறுத்தி, "கார்டு எங்கே?" என்றார்கள். டிரைவிங் லைசென்ஸைக் காட்டினேன், இது இல்லை என்றார்கள். அப்புறம் படகில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னார்கள். பாதி எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு தாளை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். மூன்று நாளாகத் தூக்கமில்லை. ஊரில் சொல்லாதே என்கிறாள் மனைவி. வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பி.ஆர். போய்விடுமா? வக்கீல் வைக்கணுமா?

மேலூர்க்காரன்:
தம்பி, பயப்படாதே. நான் இருக்கும் அமெரிக்காவில் எல்லாருக்கும் நடப்பதுதான். கோஸ்ட் கார்டு, அதாவது கடலோரக் காவல்படை, வாரண்ட் இல்லாமலே படகில் ஏறிப் பார்க்கலாம், சட்டத்திலேயே இடமிருக்கிறது. என்னை நிறுத்தியபோது தீயணைப்பான் பழசு என்றார்கள். 2022 ஏப்ரலிலிருந்து, ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் வகை என்றால் தயாரித்து 12 வருடம் தாண்டக் கூடாது. அடியில் ஆண்டு பொறித்திருக்கும், பார். கோஸ்ட் கார்டின் தன்னார்வலர்களைக் கூப்பிட்டால் இலவசமாகப் படகைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள், அபராதமெல்லாம் கிடையாது. 2013இல் நான் வந்தபோது இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. தெருவோரம் கிடந்த மெத்தையைத் தூக்கி வந்து மூன்று மாதம் மூட்டைப்பூச்சியோடு படுத்தவன் நான். உனக்காவது கேட்க இடம் இருக்கிறது.

வில்லாபுரம் மாப்ள:
சிட்னியிலிருந்து சொல்கிறேன். 10 நாட் வேகத்துக்குக் கீழே ஓட்டினால் லைசென்ஸே வேண்டாம். மெதுவாகத்தான் போனேன் என்று சொல்லிப் பாருங்கள். ஸ்கூட்டர் மாதிரி ஓட்டும் ஜெட் ஸ்கீ என்றால் மட்டும் இது செல்லாது.

ஆரப்பாளையம் அண்ணாச்சி:
மாப்ள, அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே இன்னும் சொல்லவில்லை. நீங்கள் அதற்குள் சிட்னிச் சட்டத்தை எடுத்து வைக்கிறீர்கள். பி.ஆர். என்கிறார், ஏரி என்கிறார், கனடா என்று நினைக்கிறேன். கனடா என்றால் கார்டே தேவையில்லை, போன வருடம் நாங்கள் வாடகைப் படகு எடுத்துப் போனோம், யாரும் கேட்கவில்லை.

சிம்மக்கல் பையன்:
மன்னிக்கணும் அண்ணே, பதற்றத்தில் விட்டுவிட்டேன். கனடாதான், ஒன்டாரியோ. வாடகைப் படகு இல்லை, ஆபீஸ் மேனேஜருடைய படகு. 14 அடி அலுமினியம், 9.9 குதிரைத்திறன் மோட்டார். 10க்குக் கீழே இருந்தால் ஒன்றும் வேண்டாம் என்று அவர்தான் சொன்னார்.

உசிலம்பட்டி ராசா:
நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன். அப்பா வந்திருந்தபோது அவரே ஓட்டினார், 45 நாள் வரை கார்டு வேண்டாம் என்றார்கள். எல்லாம் ஆளைப் பார்த்துத்தான் தம்பி. நம்ம நிறத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். பக்கத்தில் பத்து வெள்ளைக்காரர் படகு போயிருக்கும், அதையெல்லாம் விட்டிருப்பார்கள். முதல் குளிர்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது…

ஆரப்பாளையம் அண்ணாச்சி:
ராசா, குளிர்காலக் கதையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். என் படகிலும் ஒரு தடவை ஏறினார்கள், அன்றைக்கு ஏரியில் வரிசையாக எல்லாரையும்தான் நிறுத்தினார்கள். கோரிப்பாளையம் சிக்னலில் ஹெல்மெட் சோதனை என்றால் சந்துக்குள் திருப்பிவிடுவோம். ஏரியில் சந்துக்கு எங்கே போவது?

வில்லாபுரம் மாப்ள:
ஹா ஹா. வைகைக்கு இந்தப் போலீஸ் படகை அனுப்பினால் மணலில் தள்ளிக்கொண்டுதான் போகணும்.

தெப்பக்குளம் தாத்தா:
நான் ஊரில்தான் இருக்கிறேன், பேரன் இந்தத் திரியைக் காட்டினான். சிரிக்கிறீர்கள், சரி. 2009 செப்டம்பர் 30இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். காட்டு விலங்கைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் ஓடினார்கள் என்று பேசினார்கள், படகே சாய்ந்த வாகில் கட்டினது என்றும் பேசினார்கள். ஆனால் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. நம் வைகைக்கு அந்த ஏரியிலிருந்தும் தண்ணீர் வருகிறது, அதனால் அந்த வாரம் இங்கே எல்லார் வாயிலும் அதே பேச்சு. பிள்ளையைக் கூட்டிப்போனாயா, தம்பி? அதற்கு ஜாக்கெட் போட்டிருந்தாயா? அதைச் சொல்லவே இல்லையே.

பாண்டிகோயில் அக்கா:
தாத்தா கேட்டதைத்தான் நானும் கேட்க வந்தேன். ஒன்டாரியோவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், சொந்தப் படகு வைத்திருக்கிறோம், நான்கு தடவை சோதனைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். தம்பி, முதலில் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படித்துச் சொல்லுங்கள். எத்தனை குற்றம், எவ்வளவு தொகை, பதில் சொல்ல எத்தனை நாள். யாராவது குடித்திருந்தார்களா? நீங்கள் பி.ஆரா, வேலை பெர்மிட்டா?

இதற்கிடையில் மேலே சொன்னதில் தப்பானவற்றைத் திருத்திவிடுகிறேன். 10 குதிரைத்திறன் கணக்கு படகுக்கு எண் வாங்குவதற்கு. அந்த எண்ணும் அதன் லைசென்ஸும் படகுக்குரியவை. ஓட்டுகிற ஆளுக்கு வேண்டியது வேறு கார்டு, படகு ஓட்டும் தகுதிக்கான சான்று, மோட்டார் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வேண்டும். 2009 செப்டம்பரிலிருந்து எல்லா வயதினருக்கும். அண்ணாச்சி வாடகைப் படகு எடுத்தபோது கடைக்காரர் ஒரு சரிபார்ப்புத் தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார், அந்த ஒரு பயணத்துக்கு அதுவே கார்டு. ராசா சொன்ன 45 நாள் வெளிநாட்டிலிருந்து தங்கள் படகோடு சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு, இங்கே குடியிருப்பவருக்கு இல்லை; கனடாவில் பதிவான படகை ஓட்டினால் அவர்களுக்கும் இல்லை.

சிம்மக்கல் பையன்:
அக்கா, படித்தேன். ஒரே குற்றம்தான் எழுதியிருக்கிறார்கள், ஓட்டும் தகுதிக்குச் சான்று இல்லை என்று. 250 டாலர், அதற்கு மேல் ஏதோ கட்டணம் சேர்த்திருக்கிறார்கள். 15 நாள் கெடு. நாங்கள் பி.ஆரில்தான் வந்தோம். பையனுக்கு ஆறு வயது. காற்று அடைக்கிற பெல்ட் மாதிரி ஒன்றைக் கட்டியிருந்தோம், அது செல்லாது என்று வாயால் எச்சரித்துவிட்டு விட்டார்கள். நான் குடிக்கவில்லை. மேனேஜர் கையில் மட்டும் பீர் கேன் இருந்தது, போலீஸைப் பார்த்ததும் காலுக்குக் கீழே வைத்துவிட்டார்.

மேலூர்க்காரன்:
அந்த மேனேஜரை முதலில் தண்ணீருக்குள் தள்ளு.

பாண்டிகோயில் அக்கா:
பி.ஆருக்கு ஒன்றும் ஆகாது, நிம்மதியாகத் தூங்குங்கள். இந்தச் சீட்டில் வருவது குற்றவியல் தண்டனை இல்லை, சிறு விதிமீறல்களுக்கான கான்ட்ராவென்ஷன்ஸ் சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. வக்கீலும் வேண்டாம். 15 நாளுக்குள் மூன்றில் ஒன்றைச் செய்யுங்கள்: பணம் கட்டலாம், அரசுத் தரப்பு வழக்கறிஞரைச் சந்தித்துப் பேச நேரம் கேட்கலாம், விசாரணை கேட்கலாம். நானாக இருந்தால் கார்டை எடுத்துவிட்டுச் சந்திப்புக்குப் போவேன். என் தங்கை வீட்டுக்காரர் அப்படிப் போனபோது தொகையைக் குறைத்தார்கள், உங்களுக்கும் குறைப்பார்கள் என்று சொல்ல முடியாது. சும்மா மட்டும் இருந்துவிடாதீர்கள், நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

பயப்பட வேண்டியது அந்த பீர் கேனுக்கு. படுக்கை, சமையல், கழிப்பறை மூன்றும் நிரந்தரமாக உள்ள படகு, நங்கூரம் போட்டோ கரையில் கட்டியோ நின்றால்தான் அதில் குடிக்கலாம். 14 அடிப் படகில் திறந்த கேனே கூடாது. ஓட்டுகிறவர் குடித்திருந்தால் காருக்கு என்ன சட்டமோ அதேதான். 2018 டிசம்பர் 18 முதல் போதையில் ஓட்டுவதற்கு அதிகபட்சம் பத்து வருடத் தண்டனை என்று மாற்றினார்கள். அதனால் பி.ஆர். உள்ளவருக்கு அது கடுங்குற்றக் கணக்கில் வருகிறது, நாட்டைவிட்டு அனுப்பும் அளவுக்குப் போகலாம். மேனேஜர் குடியுரிமைக்காரராக இருப்பார், அவருக்கு அந்தக் கவலை இல்லை.

கார்டை இணையத்திலேயே படித்துப் பரீட்சை எழுதி வாங்கலாம், வாழ்நாளுக்கும் செல்லும். நாட்டின் போக்குவரத்துத் துறையான டிரான்ஸ்போர்ட் கனடா அங்கீகரித்த இடமா என்று மட்டும் பாருங்கள். பையனுக்கு அவன் எடைக்கேற்ற, அங்கீகார முத்திரையுள்ள நுரை வைத்த ஜாக்கெட். காற்று வகை 16 வயதுக்குக் கீழே செல்லாது. ஆளுக்கொரு ஜாக்கெட் போக, மிதக்கும் எறிகயிறு 15 மீட்டர், தண்ணீர் இறைக்க வாளி, விசில், துடுப்பு அல்லது நங்கூரம், நனையாத டார்ச். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு முன்னாலேயே வையுங்கள். போலீஸ் கேட்டால் பையை நீட்டினால் போதும், ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். எங்களை நான்கு தடவையும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

சிம்மக்கல் பையன்:
கோடி புண்ணியம் அக்கா. சந்திப்புக்கு இன்றைக்கே எழுதிவிடுகிறேன். மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் கூப்பிடுகிறார். கார்டு வரும் வரை படகில் காலே வைக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. கரையில் உட்கார்ந்து தூண்டில் மட்டும் போட்டால் பிரச்சினை இல்லையே?

பாண்டிகோயில் அக்கா:
தம்பி, தூண்டிலுக்கும் தனியாக ஒரு அட்டை வேண்டும்.