புதுச்சேரியிலிருந்து கடலூருக்குக் கடலோரமாகக் குழந்தைகளுடன் மிதிவண்டிப் பயணம்: வழி சொல்லுங்கள்

லாஸ்பேட்டை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையில் நானும் கணவரும், ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும், நான்காம் வகுப்பு படிக்கும் மகனுமாகப் புதுச்சேரியிலிருந்து கடலூர் வெள்ளிக் கடற்கரை வரை மிதிவண்டியில் சென்று, ஓர் இரவு தங்கித் திரும்ப விரும்புகிறோம். அயர்லாந்தில் வாட்டர்ஃபோர்டு நகரையும் டங்கார்வன் என்னும் கடலோர ஊரையும் இணைத்து, கைவிடப்பட்ட ரயில் பாதையின் மேலேயே அமைத்து 2017இல் திறந்த 46 கிலோமீட்டர் பசுமைவழியில் என் தம்பி தன் பிள்ளைகளுடன் சென்று வந்தான். அந்தப் பாதையில் மோட்டார் வாகனங்களே கிடையாது என்று அவன் சொன்னதிலிருந்து என் பிள்ளைகளும் அதே பேச்சாக இருக்கிறார்கள்.

நம் பக்கம் அப்படி ஒரு பாதை இல்லை என்பது தெரிந்ததே. பேருந்துகளும் லாரிகளும் விரையும் கடலூர் சாலையை எந்த அளவுக்குத் தவிர்க்க முடியும்? தை மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும்? திரும்பும்போது வண்டிகளை எப்படிக் கொண்டுவருவது? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மஞ்சக்குப்பம் சைக்கிள்காரர்:

வணக்கம், சகோதரி. உங்கள் தம்பி சென்ற வழி சிறுவர்களுக்கு ஏற்றதாக அமைந்ததற்கு அது பழைய ரயில் பாதை என்பதே காரணம். ரயில் ஏறுவதற்காக மெல்லச் சரித்த மேடு, பள்ளத்தாக்குகளைக் கடக்கும் பாலங்கள், 400 மீட்டர் நீளச் சுரங்கம் எல்லாமே ரயில்வே விட்டுச்சென்றவை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே நேர் ரயில் பாதை கிடையாது. நிலம் தட்டையாக இருப்பதால் ஏற்றம் நமக்கு ஒரு பொருட்டில்லை, ஆறுகள்தான் சிக்கல். அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, தென்பெண்ணை ஆகியவை குறுக்கிடுவதால், கடலோர ஊர்ச்சாலை எதில் போனாலும் ஓர் இடத்தில் மேற்கே திரும்பிக் கடலூர் சாலைப் பாலத்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தப் பாலங்களில் பேருந்துக்குப் பக்கவாட்டில் நான்காம் வகுப்புப் பையன் வண்டி ஓட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆகவே முழுத் தூரத்தையும் மிதித்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு குட்டியானையை நாள் வாடகைக்குப் பேசி, பாலங்களையும் நெடுஞ்சாலையையும் மிதிவண்டிகள் அதில் ஏறிக் கடக்கட்டும். சரக்கு வண்டியில் ஆட்கள் ஏறக்கூடாது என்பதால் நீங்கள் நால்வரும் பேருந்தில் வந்து சேர்ந்துகொள்ளுங்கள். அந்தச் சாலையில் பேருந்துக்குக் காத்துக் கிடக்க நேராது.

முதலில் அரியாங்குப்பம் பாலத்தைக் கடந்தபின் வண்டிகளை இறக்கி, காக்காயந்தோப்பு வழியாக அரிக்கமேட்டுக்கும் வீராம்பட்டினத்துக்கும் செல்லுங்கள். 1945இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்து, ரோமானியருடன் நடந்த வணிகத்தை உலகுக்குக் காட்டிய இடம் அது. இன்று மரநிழலில் இடிந்த செங்கல் சுவர்கள்தான் நிற்கும். ஆனால் இந்த ஆற்றங்கரைக்கு மதுச்சாடிகள் கப்பலேறி வந்தன என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கே நின்று சொல்ல வேண்டும். அடுத்து தவளக்குப்பத்தில் இடப்புறம் திரும்பிப் பூரணாங்குப்பம், நல்லவாடு. பிறகு கன்னியக்கோவிலிலிருந்து மணப்பட்டு வரை சென்று வாருங்கள். சவுக்குத் தோப்பின் நிழல் கிடைக்கும். பெண்ணையாற்றுப் பாலத்துக்குத் தெற்கே தாழங்குடாவும் தேவனாம்பட்டினமும் எங்கள் ஊர்ப்பக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் வாங்கிய புனித டேவிட் கோட்டையின் எச்சமும் அங்கேதான் இருக்கிறது.

தங்குவதற்கு மஞ்சக்குப்பத்திலோ, திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தின் அருகிலோ விடுதி பார்க்கலாம். வண்டிகளை உள்ளே நிறுத்த இடம் உண்டா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்புவதற்கும் அதே குட்டியானைதான்.

நல்லவாட்டுக் கரை:

காற்றைப் பற்றி நான் சொல்கிறேன், அம்மா. தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். புதுச்சேரியிலிருந்து தெற்கே போகும்போது அது முதுகுப்பக்கம் தள்ளிவிடும். எதிர்த்திசையில் மிதித்தால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். காலையில் அமைதியாக இருக்கும் கரை, வெயில் ஏற ஏறக் கடற்காற்றால் வேகம் பிடிக்கும். எனவே விடிந்து பனி விலகியதும் கிளம்பி, உச்சிவெயிலுக்கு முன் பெரும்பகுதியை முடித்துவிடுவது நல்லது.

எங்கள் ஊர்களில் சாலையோரத்தில் வலை விரித்து உலர்த்துவோம், மீனும் காயும். வலையின் மேல் சக்கரம் ஏறினால் நைலான் இழை அறுந்து, ஓர் ஆள் உட்கார்ந்து நாள் முழுக்கக் கோத்துச் சரிசெய்ய வேண்டிவரும். இறங்கி உருட்டிச் செல்லும்படி பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். அப்படி வருபவர்களை இங்கே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்கள். இன்னொன்று, தை மாதத்தில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறத் தொடங்கும். இருட்டிய பிறகு டார்ச் அடித்துக்கொண்டு மணலில் நடக்க வேண்டாம்.

முதலியார்பேட்டை சைக்கிள் கடை:

கடலோர ஊர்களில் பஞ்சருக்கு முதல் காரணம் வேலிகாத்தான் முள். குச்சியோடு டயரில் குத்தி, குச்சி மட்டும் ஒடிந்து விழுந்துவிடும். முனை உள்ளேயே தங்கிவிடும். அந்நிலையில் ட்யூபை மட்டும் மாற்றினால் அடுத்த தெருவிலேயே மறுபடியும் காற்று போகும். டயரின் உட்புறத்தை விரலுக்குப் பதிலாகத் துணியால் சுற்றித் துடைத்துப் பார்த்தால், முள் துணியில் மாட்டும். ஒவ்வொரு வண்டியின் அளவுக்கும் ஒரு ட்யூப், கைப்பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

தார்ச்சாலையின் மேல் காற்று கொண்டுவந்து போட்ட மணல் கண்ணுக்குத் தெரியாது. அங்கே முன்பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி சறுக்கும். இரண்டையும் சேர்த்து மெல்லப் பிடிக்க மகனுக்கு இப்போதே பழக்கிவிடுங்கள். வீடு திரும்பிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். உப்புக்காற்று பட்ட செயின் ஒரே இரவில் துருப்பிடிக்கத் தொடங்கும்.

லாஸ்பேட்டை வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குட்டியானை யோசனையைக் கேட்டதும் கணவரின் கவலை பாதி தீர்ந்துவிட்டது. காணும் பொங்கலன்று கிளம்பி, மறுநாள் திரும்பலாமா?

மஞ்சக்குப்பம் சைக்கிள்காரர்:

அந்த நாள் வேண்டாம், சகோதரி. காணும் பொங்கலன்று வெள்ளிக் கடற்கரையில் கால்வைக்க இடம் இருக்காது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் பெண்ணையாற்றுக்கு வரும். பாலத்தில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். திருவிழா முடிந்து வரும் சனி, ஞாயிறாகப் பாருங்கள். பள்ளி திறந்திருந்தாலும் இரண்டு நாள் போதுமல்லவா? தேதி முடிவானதும் எழுதுங்கள். தாழங்குடாவிலிருந்து தேவனாம்பட்டினம் வரை உங்கள் மகனுக்கு முன்னால் நான் வண்டி ஓட்டி வருகிறேன்.