துயரை "ஆற்றுதல்" என்று எழுதுவது பிழையா?

கேள்வி: புதுக்குடியிருப்பு வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஆண்டறிக்கையை எழுதும் பொறுப்பு இம்முறை என்னிடம் வந்திருக்கிறது. அதில், "கணவரை இழந்த பெண்களின் துயரை ஆற்றுவதற்காக எமது சங்கம் சிறுசேமிப்பையும் தையல் பயிற்சியையும் நடத்தியது" என்று ஒரு வசனம் எழுதியிருந்தேன். உறுப்பினர் ஒருவரின் மகள், பல்கலைக்கழகத்தில் படிப்பவர், அதை வாசித்துவிட்டு, "ஆற்றுதல் என்றால் செய்தல். பணியாற்றுதல், உரையாற்றுதல், கடமையாற்றுதல் என்பவற்றைப் பாருங்கள். ஆகவே துயரை ஆற்றுதல் என்றால் துயரைச் செய்தல் என்று பொருள்பட்டுவிடும், 'தணித்தல்' என்று மாற்றுங்கள்" என்றார்.

அவர் சொன்ன நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் என் அம்மம்மா செத்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், "அந்தப் பிள்ளையை ஆத்தேலாமல் (ஆற்ற இயலாமல்) கிடக்கு" என்றுதான் சொல்வார். அம்மம்மாவின் வாயில் பிழையில்லாமல் ஒலித்த சொல் என் அறிக்கையில் எப்படிப் பிழையாகும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

பதில்: முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பிள்ளை, உங்கள் அம்மம்மா சொன்னதும் சரி, நீங்கள் எழுதியதும் சரி. அந்த மாணவி காட்டிய பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. அதை மட்டும் கொண்டு முடிவு செய்ததில்தான் தவறு நேர்ந்திருக்கிறது.

ஏறு என்பது ஏற்று ஆவதுபோல, மாறு என்பது மாற்று ஆவதுபோல, தேறு என்பது தேற்று ஆவதுபோல, ஆறு என்னும் தன்வினை றகரம் இரட்டித்து ஆற்று என்னும் பிறவினை ஆகிறது. புண் ஆறும், சூடு ஆறும், பசி ஆறும், மனம் ஆறும். அவற்றை ஆறச்செய்வது ஆற்றுதல். இங்கே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். "துயர் ஆறியது" என்று சொல்லலாம். ஆகவே "துயரை ஆற்றினாள்" என்பதற்கு அதை ஆறச்செய்தாள் என்பதே பொருள். "பணி ஆறியது" என்றோ "உரை ஆறியது" என்றோ எவரும் சொல்வதில்லை; ஆகவே பணியாற்று, உரையாற்று என்பவற்றில் இருப்பது செய்தல் என்னும் வேறு பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

செய்தல், பொறுத்தல், வலிமை பெறுதல் என்ற பொருள்களும் இச்சொல்லுக்குப் பழையவையே. "மாரிமாட்டு என்ஆற்றுங் கொல்லோ உலகு" என்னும்போது, மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்யும் என்று வள்ளுவர் கேட்கிறார். "அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண்ணீர்" என்னும்போது, பொறுக்க முடியாமல் அழுத கண்ணீரைச் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது 225ஆம் குறள்:

"ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல் அப்பசியை
மாற்றுவார் ஆற்றலின் பின்."

இதில் வரும் "பசி ஆற்றல்" இன்று நாம் சொல்லும் பசியாற்றுதல் அன்று. நோன்பிருப்பவர் தம் பசியைத் தாமே பொறுத்துக்கொள்வதையே அது குறிக்கிறது. பிறர் பசியைப் போக்குவதற்கு வள்ளுவர் "மாற்று" என்ற வேறு வினையை எடுக்கிறார், அடுத்த குறளில் "அழிபசி தீர்த்தல்" என்று இன்னொன்றை எடுக்கிறார். இன்றோ ஒருவருக்குச் சோறு கொடுப்பதைத்தான் பசியாற்றுதல் என்கிறோம். தன் பசியைப் பொறுப்பதற்கும் பிறர் பசியைப் போக்குவதற்கும் ஒரே சொல் வழங்கியிருக்கிறது என்பதை நான் வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் என் குரல் சற்று மாறிவிடும்.

உங்கள் வசனத்துக்கு நேரான சான்று வேண்டுமென்றால், கலித்தொகையின் 133ஆம் பாடலில் இருக்கிறது: "ஆற்றுதல் என்பது ஒன்று அலந்தவர்க்கு உதவுதல்." அலந்தவர் என்றால் வாழ்வு குலைந்து அலமந்து நிற்பவர். சங்க இலக்கியத்திலேயே இச்சொல்லுக்கு இப்படியொரு வரைவிலக்கணம் எழுதப்பட்டிருக்கும்போது, அதை உங்கள் அறிக்கையிலிருந்து நீக்கச் சொல்ல எவருக்கும் மனம் வரக்கூடாது.

பதில்: வவுனியா வாசகர்

ஐயா சொன்னவற்றோடு பேச்சு வழக்கில் இருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். அவசரமாகப் புறப்படும் ஒருவரை நாங்கள் "ஆறுதலாப் போங்கோ" என்று மறிக்கிறோம். விரிவாகப் பேச வேண்டிய விடயத்தை "ஆறுதலா இருந்து கதைப்பம்" என்கிறோம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் இதை முதன்முறை கேட்டபோது, தனக்கு ஏதோ துக்கம் நேர்ந்துவிட்டதாக நாங்கள் எண்ணுகிறோமோ என்று திகைத்துப்போனார். அவர்களுக்கு ஆறுதல் என்றால் தேற்றுதல் மட்டுமே. எங்களுக்கு அது அவசரமின்மையும் ஆகும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை என்பது என் எண்ணம். தேத்தண்ணியை ஆற்றும் அம்மாவைப் பாருங்கள்: கோப்பையைத் தாழ்த்தி, செம்பை உயர்த்தி, நுரை எழும்ப நான்கைந்து தரம் மாற்றி மாற்றி ஊற்றி, விரலால் கோப்பையின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்த பிறகே குழந்தையின் கையில் கொடுப்பார். சூடு இன்னமும் அதில் இருக்கும். ஆனால் குழந்தை குடிக்கக்கூடிய சூடாக இருக்கும்.

"தணித்தல்" அளவைப் பற்றிய சொல். காய்ச்சல் தணியும், காற்றுத் தணியும், தாகம் தணியும், ஏறியது இறங்குகிறது. அனர்த்தத் தணிப்பு என்று அரச அறிக்கைகளில் எழுதுவதும் அதனால் பொருத்தமே. ஆனால் தணிப்பதற்கு மருந்தோ மழையோ போதும். ஆற்றுவதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். தையல் பயிற்சிக்கு வந்த பெண்கள் ஒருவரோடு ஒருவர் இருந்து கதைத்ததும் நடந்திருக்குமானால், உங்கள் சொல் மிகவும் பொருந்துகிறது.

இன்னொன்று. போருக்குப் பிறகு எங்கள் பகுதியில் பரவலாகிய "உளவள ஆற்றுப்படுத்தல்" (மனம் நொந்தவர்களுக்குப் பேசித் துணைநிற்கும் உளவளத்துணைப் பணி) என்ற தொடரைப் பலர் இந்த ஆற்றுதலிலிருந்து வந்ததாகவே எண்ணுகிறார்கள். அது வழி என்று பொருள்படும் ஆறு என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. பரிசில் பெற்ற பாணன் வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை நூல்களில் உள்ளதும் இந்த ஆறுதான். ஆனாலும் உளவளத்துணையாளர் ஒருவர் வேலை செய்வதை அருகிருந்து பார்த்தால், வழிகாட்டுவதைவிட ஆற்றுவதே அங்கு கூடுதலாக நடக்கிறது. மக்கள் பிழையாக விளங்கிக்கொண்டதில் ஓர் உண்மை இருக்கிறது.

பதில்: கிளிநொச்சி வாசகி

நான் தமிழ் படிப்பித்தவள் அல்லள். என் தமையன் 2009 முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்களுள் ஒருவர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கியபோது என் தாயும் அந்தக் கொட்டகையில் போய் இருந்தவர். அங்கு வந்தவர்கள் பலர் "உங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தோம்" என்றார்கள். ஒரு நாள் அம்மா, "ஆறுதல் சொல்லாதேங்கோ, பதில் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டார். வந்தவர் மனம் நொந்திருக்கக்கூடும். ஆனால் அம்மா சொன்னதில் பிழையில்லை.

செத்த வீட்டில் ஆற்றலாம், ஏனென்றால் அங்கு நடந்தது இன்னதென்று தெரியும். உண்மையைச் சொல்லித் தீர்க்கவேண்டிய துயரை, தீர்க்கக் கடமைப்பட்டவர்கள் ஆற்ற முற்படும்போது, அந்தச் சொல் எங்களை வாயடைக்கச் செய்யும் சொல்லாக மாறிவிடுகிறது. ஆகையால் சகோதரி, உங்கள் அறிக்கையில் எந்தத் துயர் ஆற்றப்படவேண்டியது, எது தீர்க்கப்படவேண்டியது என்று பிரித்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டுத்திட்டம் கிடைக்காததும் காணி விடுவிக்கப்படாததும் ஆற்றுவதற்கு உரியவை அல்ல.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. கிளிநொச்சிச் சகோதரி எழுதியதை வாசித்த பிறகு அறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில், கிணறு இல்லாத பதினொரு குடும்பங்களைப் பற்றி எழுதிய இடத்திலும் "துயரை ஆற்ற" என்றே எழுதியிருந்தேன்; அதை "தண்ணீர்க் கஷ்டத்தைத் தீர்க்க" என்று மாற்றிவிட்டேன். முதல் வசனத்தில் ஆற்றுதல் அப்படியே இருக்கும். அந்த மாணவிக்கும் கலித்தொகை வரியை அனுப்பினேன். அவர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். ஒரேயொரு ஐயம் மட்டும் மீதமிருக்கிறது: "ஆற்றுவதற்காக நடத்தியது" என்று எழுதுவதா, "துயரை ஆற்றியது" என்று நேராகவே எழுதிவிடலாமா?

பதில்: முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

"ஆற்றியது" என்று எழுதினால் அது ஆறிவிட்டது என்று வாசிப்பவர் கொள்வார். அது ஆறிற்றா இல்லையா என்று சொல்லும் உரிமை சங்கத்துக்கு இல்லை, அந்தப் பெண்களுக்கே உண்டு. "ஆற்ற முயன்று வருகிறது" என்று எழுதுங்கள், பிள்ளை.