லாரி பிரேக் முதல் மிதிக்குப் பிடிக்கவில்லை, அவசரம்

வைக்கோல்வண்டி:
வணக்கம். என் லாரியில் பிரேக்கை மிதித்தால் பெடல் ஏறக்குறைய அடிவரை போய்விடுகிறது. உடனே மறுபடி மிதித்தால் பிடித்துவிடுகிறது. நாளை விடியற்காலை பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிப் புனலூர் போக வேண்டும். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஊரில் இல்லை. என்ன செய்யலாம்?

கோட்டைவாசல்:
ஆயில் பிரேக்கா, ஏர் பிரேக்கா? எந்த ஆண்டு வண்டி? டப்பாவில் ஆயில் குறைகிறதா?

பழைய ஸ்டியரிங்:
மாஸ்டர் சிலிண்டர்தான் (பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை), சந்தேகமே வேண்டாம். உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். கிட் வாங்கி மாற்றுங்கள். என் வண்டியில் மூன்று முறை இதே கதைதான்.

ஆரியங்காவு அண்ணாச்சி:
கிட் வாங்க ஓடுவதற்கு முன்னால் காலால் சோதிக்கத் தெரிய வேண்டும். அதைக்கூட இங்கே நான்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. பெடலை அழுத்தியபடியே ஒரு நிமிடம் வைத்திருங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே எங்கும் ஒழுகாத பட்சத்தில், மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று நிற்கிறது. இரண்டாம் மிதியில் உயரமாகவும் கெட்டியாகவும் நின்றால், ஷூவுக்கும் (பிரேக் கட்டை) அது உரசி நிறுத்தும் டிரம்முக்கும் (சக்கரத்தோடு சுற்றும் உருளை) இடைவெளி கூடிவிட்டது. இதுவும் தெரியாமல் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறீர்களா?

வைக்கோல்வண்டி:
மன்னிக்கவும் அண்ணாச்சி. ஆயில் பிரேக், 1997 மாடல். ஆயில் குறையவில்லை. இரண்டாம் மிதியில் கெட்டியாக நிற்கிறது, இறங்கவில்லை. போன வாரம் பின் சக்கரங்களுக்குப் புது லைனர் (ஷூ மேல் ஒட்டும் உரசு பட்டை) போட்டோம்.

கோட்டைவாசல்:
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டாமா? புது லைனர் சில நாள் ஓடி டிரம்மோடு படிந்தபின் இடைவெளி கூடும். மறுபடி அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, பின் அச்சைத் தூக்கி அடியில் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சக்கரம் சுற்றாமல் இறுகும் வரை அட்ஜஸ்டரை (அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகை) திருகி, பிறகு லைனர் மெல்ல உரசும் ஓசையோடு சக்கரம் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பழைய ஸ்டியரிங்:
சரி, அட்ஜஸ்ட் செய்யட்டும். ஆனால் புனலூர் போகும் மலைப்பாதையில் ஆரியங்காவு தாண்டியதும், இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம், வண்டியும் தானாக உருளும். பிரேக்கைத் தொடவே வேண்டாம்.

ஆரியங்காவு அண்ணாச்சி:
இந்த யோசனைக்காகவே உங்கள் உரிமத்தைப் பிடுங்க வேண்டும். நியூட்ரலில் சுமை முழுவதும் பிரேக் மேல் விழும். டிரம் சூடேறும், அந்தச் சூடு ஆயிலுக்கு ஏறும். டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயில் 140-க்குப் பக்கத்திலேயே கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். எந்தக் கியரில் ஏற முடியுமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும்.

பழைய ஸ்டியரிங்:
கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்து இருபது வருடம் இப்படித்தான் இறங்கியிருக்கிறேன்.

கோட்டைவாசல்:
சுமையோடு போகும் இறக்கத்தை மட்டும் பேசுகிறீர்கள். திரும்பும்போது மலையின் தமிழ்நாட்டுப் பக்கம் புளியரை எஸ் வளைவில் காலி வண்டியோடு இறங்க வேண்டியதையும் அவர் கணக்கில் வைக்கட்டும். வைக்கோல்வண்டி, என்ன ஆயிற்று?

வைக்கோல்வண்டி (மறுநாள் இரவு):
இடது பக்கம் அரை மணியில் முடிந்தது. வலது அட்ஜஸ்டர் துருவேறி அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, விடிந்தபின்தான் திருக முடிந்தது. காய்கறியை மைத்துனர் வண்டியில் அனுப்பிவிட்டேன். இப்போது முதல் மிதியிலேயே பிடிக்கிறது. ஆயிலும் மாற்ற வேண்டுமா?