மழையில் பிரேக் பிடிக்கவில்லை, மிதித்தால் கரகரவென்று சத்தம்: கோளாறு எங்கே?

ஆனையூர்வாசி:
வணக்கம். மதுரையில் ஆனையூரிலிருந்து செல்லூர் வழியாகச் சிம்மக்கல்லுக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்த சைக்கிள். இப்போது அவள் கல்லூரிக்குப் பஸ்ஸில் போவதால் வண்டி என் கைக்கு வந்துவிட்டது. வெயில் காலத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஐப்பசி பிறந்து சாயங்கால மழை பிடித்ததிலிருந்துதான் இரண்டு தொல்லை.

நனைந்துவிட்டால் பிரேக் பிடிப்பதில்லை. லிவரைக் கைப்பிடியில் முட்டும் வரைக்கும் அழுத்துகிறேன், வண்டி அதுபாட்டுக்குப் போகிறது. கொஞ்ச தூரம் போன பிறகு திடீரென்று கவ்விப் பிடிக்கிறது. செல்லூர் மேம்பாலத்தில் இறங்கும்போது முன்னால் போன ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றதும் எனக்கு உயிரே போய்விட்டது, காலை ஊன்றித்தான் நிறுத்தினேன். காய்ந்திருக்கும்போது இதே பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.

இன்னொன்று, போன வாரம் செல்லூரில் பெடல் முங்கும் அளவுக்குத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதற்குள் ஓட்டித்தான் வீடு வந்து சேர்ந்தேன். அதற்கு அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். கடையில் காட்டினால் பிரேக் கட்டை, ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்), செயின் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். மாதக் கடைசியில் அத்தனை செலவுக்கு வழியில்லை. இதில் எது கட்டாயம் தேவை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோச்சடைத் தம்பி:
அக்கா, செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்கள், சத்தம் நின்றுவிடும். பிரேக் ஒயரை இழுத்து டைட் வைத்தால் போதும். எதையும் மாற்ற வேண்டாம்.

பழைய ஓவராயில்:
அம்மா, பொறுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து ரிம்மில் வைத்துப் பாருங்கள், ஒட்டுகிறதா? அப்புறம், மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை உருள விட்டால் சத்தம் வருகிறதா? பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால் வருகிறதா?

ஆனையூர்வாசி:
காந்தம் நன்றாக ஒட்டுகிறது அண்ணே. உருள விட்டால் டிக் டிக் என்று வழக்கமான சத்தம் மட்டும்தான். பெடலைப் பின்னால் சுற்றினாலும் கரகரப்பு அப்படியே இருக்கிறது.

பழைய ஓவராயில்:
அப்படியென்றால் ஃப்ரீவீலைத் தொட வேண்டாம். கோளாறு ஃப்ரீவீலில் இருந்தால், மிதிக்காமல் உருளும்போதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பின்னால் சுற்றினாலும் சத்தம் வருகிறது என்றால் பெடல், செயின், இல்லாவிட்டால் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) நடுவில் ஓடுகிற பி.பி. (பாட்டம் பிராக்கெட்) அச்சு, இந்த மூன்றில் ஒன்று. இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். செயினைப் பல்சக்கரத்திலிருந்து கழற்றிவிட்டுப் பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இன்னொரு கையை பி.பி.க்கு மேலே ஃபிரேமில் வையுங்கள். மண் அரைபடுவது உள்ளங்கையில் தெரிந்தால் அச்சுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள், கடகடவென்று ஆடினால் அச்சைத் தாங்கும் கப்பும் தளர்ந்திருக்கிறது.

பெடல் முங்கிய தண்ணீர் என்றால் பி.பி.யும் முங்கித்தான் இருக்கும். போதாததற்கு சீட் கம்பி வழியாகவும் மழைத்தண்ணீர் குழாய்க்குள் இறங்கி அங்கேயே போய்த் தேங்கும். சீட்டைக் கழற்றி வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எவ்வளவு கொட்டுகிறது என்று நீங்களே பார்க்கலாம். பி.பி.யைத் திறந்து, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, கால் இஞ்ச் பேரிங் குண்டுகளை மட்டும் புதிதாகப் போட்டு, கிரீஸ் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். இப்படியே ஓட்டினால் கப்பும் அச்சும் குழி விழுந்துவிடும், அப்போதுதான் பெரிய செலவு.

தேங்காய் எண்ணெய் வேண்டாம் தம்பி. ஒரு மழைக்கே கழுவிக்கொண்டு போய்விடும், இருக்கிற வரைக்கும் புழுதியைச் சேர்க்கும். அது தெறித்து ரிம்மில் பட்டால் உள்ள பிரேக்கும் போச்சு. செயினை முதலில் துணியால் ஈரம் போகத் துடைத்து, சைக்கிள் செயினுக்கென்று விற்கிற எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிந்ததையும் துடைத்துவிட வேண்டும். அது கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் ஆபத்துக்கு உதவும், ஆனால் மழை நாளில் அடிக்கடி விட வேண்டியிருக்கும்.

இனி பிரேக். உயிர்ச் சமாச்சாரம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காந்தம் ஒட்டுவதால் உங்களுடையது குரோம் பூசிய இரும்பு ரிம். அது கண்ணாடி மாதிரி வழவழப்பு. நனைந்துவிட்டால் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் தண்ணீர் ஒரு படலமாக நின்றுவிடும். நனைந்த குரோம் ரிம்மில் சாதாரண ரப்பர் கட்டையின் பிடிப்பு, காய்ந்திருக்கும்போது உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது என்று அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சக்கரம் சில சுற்று சுற்றி, கட்டை அந்தத் தண்ணீரை வழித்து எடுத்த பிறகுதான் பிடிக்கும். நீங்கள் சொன்ன ‘திடீரென்று கவ்வுகிறது’ அதுதான். அலுமினிய ரிம்மில் இந்த அளவுக்குப் படுத்தாது.

அதனால் மழையில் பிரேக்கை இரண்டு தடவையாகப் பிடிக்கப் பழகுங்கள். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லிவரை இலேசாகத் தொட்டபடி வாருங்கள், அது துடைப்பதற்கு. அப்புறம் அழுத்துங்கள், அது நிறுத்துவதற்கு. பாலத்து இறக்கத்தில் உச்சியிலிருந்தே இரண்டு பிரேக்கையும் இலேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குங்கள். வேகம் எடுத்த பிறகு பிடித்தால் நேரம் போதாது.

கட்டையைக் கழற்றிப் பாருங்கள். முகம் பளபளவென்று மெழுகியது போல் இருந்தால் உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். சின்னக் கல்லோ இரும்புத் துகளோ பதிந்திருந்தால் ஊசியால் நோண்டி எடுங்கள். பள்ளம் தெரியாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். லிவர் கைப்பிடியில் முட்டுகிறது என்றீர்களே, அதற்கு ஒயர் தளர்ந்ததும் காரணம். ஒயரை இழுத்துக் கட்டச் சொன்னதில் தம்பி சொன்னது சரிதான்.

நாகமலைப் பையன்:
அண்ணன் வண்டியைச் சொல்லிவிட்டார், நான் பாதையைச் சொல்கிறேன். செல்லூரில் மழை நின்று தண்ணீர் வடியும் வரைக்கும் ஒரு கடையோரம் ஒதுங்கி நில்லுங்கள் அக்கா. 2024 அக்டோபரில் ஒரே மாலை மழைக்கு அந்தப் பகுதியே முங்கியதை எல்லோரும் பார்த்தோம். கலங்கல் தண்ணீருக்கு அடியில் திறந்த சாக்கடை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. போயே தீர வேண்டும் என்றால் இறங்கி, சாலையின் நடுப்பக்கமாக உருட்டிக்கொண்டு போங்கள்.

யானைக்கல் தரைப்பாலம் வழியாக ஆற்றைக் கடப்பவராக இருந்தால் வைகை அணை நிலவரத்தையும் பேப்பரில் பாருங்கள். அணையில் 71 அடி வரைக்கும் தண்ணீர் தேக்கலாம். 66 அடியில் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மூன்றாவதைக் கொடுத்துவிட்டால் எந்த நேரமும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள், தரைப்பாலத்தையும் கரையோரச் சாலையையும் அடைத்துவிடுவார்கள். அந்த நாட்களில் கோரிப்பாளையம் போய் ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்தில் ஏறுவதுதான் வழி. 1889-ல் கட்டிய பாலம், இன்றும் நம்மைச் சுமக்கிறது.

மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம்தான் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் மிதந்து வரும். சாக்கடை மூடி இரும்பு, வேகத்தடையில் அடித்த வெள்ளைப் பெயின்ட், இரண்டின் மேலும் திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது.

தத்தனேரி அக்கா:
ஆண்கள் யாரும் சொல்லாத ஒன்று. மழைக்கோட்டு வாங்கினால் மேல்சட்டையும் பேன்ட்டும் தனித்தனியாக இருப்பதை வாங்குங்கள். போர்த்திக்கொள்கிற மாதிரி இருப்பது காற்றில் புடைத்து ஹேண்டில்பாரையே திருப்பிவிடும், நுனி ஸ்போக்ஸில் மாட்டும். துப்பட்டாவைக் கோட்டுக்குள் குறுக்காகப் போட்டுப் பின்னால் முடிச்சுப் போட்டுவிடுங்கள். சேலை என்றால் பின்சக்கரத்துக்கு வலைக்கம்பி கார்டு கட்டாயம். எங்கள் தெருவில் ஒரு பெண் இப்படிச் சேலை மாட்டி விழுந்து கை முறிந்து கிடந்தாள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பின்னால் சிவப்பு லைட் ஒன்றும் மாட்டிவிடுங்கள். மழை இருட்டில் பின்னால் வரும் பஸ்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

ஆனையூர்வாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. செயினைக் கழற்றிச் சுற்றியதும் உள்ளங்கையில் நறநறவென்று நன்றாகவே தெரிந்தது. வேறு கடையில் பி.பி.யை மட்டும் திறக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். கிரீஸ் முழுக்க வெளுத்துப் பால் நிறத்தில் இருந்தது. குண்டுகள் துருவேறிக் கிடந்தன, கப் தப்பித்தது. குண்டும் கிரீஸும் மட்டும் மாற்றியதில் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. முன் கட்டையை உப்புத்தாளில் தேய்த்தேன், பின் கட்டை தேய்ந்திருந்ததால் புதிது போட்டேன். ஃப்ரீவீலும் செயினும் பழையதே.

நேற்று மழையில் துடைத்துவிட்டுப் பிடித்துப் பார்த்தேன், நல்ல வித்தியாசம் தெரிகிறது. ஒரே ஒரு சந்தேகம்: மழையில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது, வழுக்கிவிடும் என்கிறாள் மகள். உண்மையா அண்ணே?

பழைய ஓவராயில்:
நேராகப் போகும்போது முன் பிரேக் கட்டாயம் வேண்டும் அம்மா. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் மழையில் நிறுத்தவே முடியாது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள். வளைவில் சாய்ந்திருக்கும்போதும் மணலிலும் மட்டும் முன் பிரேக்கை விட்டுவிடுங்கள், அந்த இடத்தில் மகள் சொல்வது சரி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டால் அங்கே பிரேக்குக்கு வேலையே இருக்காது. புதுக் குண்டு போட்டிருப்பதால் சில நாள் ஓடியதும் பி.பி. கப் இலேசாகத் தளரும். அப்போது ஒரு தடவை இறுக்கிக்கொள்ளுங்கள்.