வெள்ளத்துல போன ஆடுகளும் வந்த நிவாரணமும்

கால்நடை நிவாரணம் வாங்கின அனுபவம் கேட்டிருந்தீங்க. எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன்.

ஊர் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டின அந்த மழைதான். அம்மாகிட்ட 31 ஆடு இருந்துச்சு, பாதிக்கு மேல எங்க பக்கத்து இனமான கொடி ஆடு. ராத்திரி தண்ணி பட்டிக்குள்ள ஏறினப்ப படலைத் திறந்துவிடத்தான் நேரம் இருந்துச்சு. பள்ளிக்கூட மாடியில ரெண்டு நாள் இருந்தோம்.

தண்ணி வடிஞ்சதும் போய்ப் பார்த்தா 7 ஆடு உயிரோட நிக்குது. 11 உடம்பு கிடைச்சுது. ரெண்டு சீமைக்கருவேல முள்ளுல தொங்குச்சு, மீதி வாழைத்தோட்டத்துச் சேத்துல. வயிறு ஊதி, சேறு அப்பி, எது எதுன்னே தெரியலை. மூத்த செம்போரையை (வெள்ளையில செந்நிறம் கலந்த கொடி ஆடு) மட்டும் கழுத்து மணியை வச்சுக் கண்டுபிடிச்சோம். அம்மா அந்த மணியைச் சேலைத் தலைப்பால துடைச்சுக்கிட்டே உட்கார்ந்துட்டாங்க. மீதி 13 போன இடமே தெரியலை.

நாத்தம் தாங்காம ஊர்ல பலரும் அன்னைக்கே குழி வெட்டிட்டாங்க. எதிர்வீட்டுப் பெரியப்பா 6 ஆட்டைப் புதைச்ச பிறகுதான் கால்நடை டாக்டர் வந்தார். பாவம், பெரியப்பாவுக்கு ஒரு ஆட்டுக்குக்கூட இறப்புச் சான்று எழுதிக் குடுக்க முடியலை. நாங்க போட்டோ எடுத்து, ஓலை போட்டு மூடி, டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருந்தோம். அவர் முழங்கால் சேத்துல நடந்து வந்து ஒவ்வொண்ணாப் பார்த்து எழுதிக் குடுத்தார். அவரை மறக்க மாட்டோம். அதுக்கப்புறம் வி.ஏ.ஓ. சான்று, ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக். பாஸ்புக்கே வெள்ளத்துல ஊறிப் போச்சு, அதுக்கு வேற ஒரு நாள் அலைச்சல்.

அந்த டிசம்பர்லதான் மாட்டுக்கு 30,000-லிருந்து 37,500, ஆட்டுக்கு 3,000-லிருந்து 4,000 ரூபாய்னு கூட்டியிருந்தாங்க. 11 ஆட்டுக்கு 44,000 வந்துச்சு. அந்தப் பணம் வரலைன்னா அம்மா ஆடு வளர்க்கிறதையே விட்டிருப்பாங்க. ஆனா சந்தையில ஒரு நல்ல சினை ஆட்டை 4,000-க்கு யார் தருவா?

13 ஆட்டைக் கேட்டதுக்கு, "உடம்பு இல்லாம எப்படிம்மா எழுதுறது?"ன்னுட்டாங்க. வெள்ளம்னா அடிச்சுக்கிட்டுப் போகத்தானே செய்யும்! ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட வந்தப்ப எத்தனை உருப்படின்னு எண்ணித்தானே போட்டாங்க, அந்தக் கணக்கை எடுத்துப் பார்க்கலாமே. பெரிய மந்தையை வயல் வயலா ஓட்டிக் கிடை போடுறவங்க பாடு இன்னும் மோசம். பேரிடர் நிதி விதிப்படி ஒரு குடும்பத்துக்கு 30 ஆடு வரைக்கும்தான், பெரிய கறவை மாடுன்னா 3. நூறு ஆடு வச்சுப் பிழைக்கிறவருக்கு 30-க்கு மேல செத்தது கணக்குலயே வராது.

மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடியே ஆடுகளை நிறுத்தி, காது அடையாளம் தெரியிற மாதிரி போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க. செத்தா, டாக்டர் பார்க்காமப் புதைக்காதீங்க. ஆதார், பாஸ்புக் எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டுப் பரண்ல ஏத்திடுங்க.

அடிச்சுட்டுப் போன உருப்படிக்கு யாராவது நிவாரணம் வாங்கியிருந்தா, என்ன காகிதம் குடுத்தீங்கன்னு சொல்லுங்க. அம்மா அந்த 13-க்கு எழுதின மனுவை இன்னும் பத்திரமா வச்சிருக்காங்க.