சென்னை – லண்டன்: ஆறு மணி நேரப் பயணமா?

கேள்வி (காட்பாடி): ஜனவரியில் மகளைப் பார்க்க லண்டன் செல்கிறோம். பயணச்சீட்டில் சென்னையில் காலை 5.30க்குப் புறப்பாடு என்றும், ஹீத்ரூவில் 11.30க்கு வருகை என்றும் உள்ளது. அவ்வளவு தொலைவை ஆறு மணி நேரத்தில் கடக்க முடியுமா? திரும்பும் பயணம் மட்டும் ஏன் குறைவான நேரம் என்கிறார்கள்?

மறுமொழி (சத்துவாச்சாரி): ஐயா, இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சிடப்பட்டவை. குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அங்கு 11.30 என்பது நமக்கு மாலை 5 மணி. ஆகவே பயணம் பதினொன்றரை மணி நேரம். கோடையில் அவர்கள் கடிகாரத்தை முன்தள்ளுவதால் வேறுபாடு நான்கரை மணியாகிவிடும். பூமி உருண்டையின் மேல் அளந்தால் தொலைவு சுமார் 8,200 கிலோமீட்டர்.

மறுமொழி (ஆற்காடு): திரும்பும் நேரம் குறைவதற்குக் காரணம் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்றோட்டம், போகும்போது விமானத்தை எதிர்த்து, வரும்போது பின்னிருந்து தள்ளுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் கூடும்.

மறுமொழி (சத்துவாச்சாரி): ஒன்று விட்டுப்போனது. மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் நெரிசலை நம்ப முடியாது; முதல் நாள் இரவு பத்தரைக்கே காட்பாடியிலிருந்து கிளம்பிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. இரவு பத்து மணிக்கே வண்டி சொல்லிவிட்டேன்.